ஒற்றை நூல் தையல்

– மறைக்காம சொல்லு நூரு. குதிரைவண்டி அர்ஜுனனோட கடிவாள வாரை எத்தனை நூல்ல தைச்சே?

– ஒத்தை நூலு மச்சான்.

– என்னது?

– ஒத்தை நூல்தான். மெழுகு போட்ட நூல் தீந்துபோச்சு. அந்த ஆளு சவாரி இருக்கு, சவாரி இருக்குன்னு வாசல்லயே நின்னு பறந்தாரு. இப்பக்கி இது தாங்கும், வெள்ளிக்கெழம வந்தா பிரிச்சுத் தைச்சுக்கலாம்னு நெனச்சேன்.

– குதிரைய இழுத்து நிறுத்துற வாரு புள்ள அது! ரெண்டு பக்கமும் ஊசி விட்டு, ரெட்டை நூல்ல இழுத்துத் தைக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே.

– சொன்னீங்க. நாந்தான் கேக்கல. ரப்பே, அவரு பொண்டாட்டி வடிவம்மா மொகத்துல நா எப்படி முழிப்பேன்? மாசமா வேற இருக்குது.

– பொறு, பொறு. லாயத்து ஆளு சிக்கந்தர் வந்து என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லு. நா அவசரத்துல பாதிதான் கேட்டேன்.

– நேத்து மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவுக்கு சவாரி போயிருக்காரு. விடிகாலைல காலி வண்டியோட திரும்பக் கெளம்பியிருக்காரு. கொஞ்ச நேரத்துக்கு முந்தி குதிரை சிட்டு தானா வண்டிய இழுத்துக்கிட்டு லாயத்துக்கு வந்து நின்னுருச்சாம். வாரு ஒண்ணு அறுந்து தரையில இழுபட்டுச்சாம். வண்டியில ஆளு இல்ல மச்சான். ஆளு இல்ல!

– மலைப்பாதை அது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

– அதச் சொல்லாதீங்க.

– சரி, சொல்லல. தேடத்தான் நாலஞ்சு பேரு போயிருக்காங்கல்ல. நீ இப்ப நா சொல்றதக் கேளு. போலீசு வந்து யாரு தைச்சதுன்னு கேட்டா, மச்சான்தான் தைச்சாருன்னு சொல்லிடு.

– ஒங்களுக்கு எதிர்ல இருக்கற ஆளே தெரியல. நீங்க தைச்சதா நா சொல்றதா?

– எனக்குக் கண்ணு தெரியலன்னு யாருக்குத் தெரியும்? ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அஞ்சு மாசமா பின்கட்டுல ஒக்காந்து குத்தூசி புடிக்கிறது நீ. டத்தோ கிராமாட் வட்டாரம் பூரா ஹபீப் முகம்மது தையல்னுதான் சொல்றான். பேரு எனக்குன்னா பழியும் எனக்குத்தான்.

– ஒங்கள உள்ள தள்ளிட்டு நா வெளிய இருந்து சோறு திங்கணுமா? மாட்டேன்.

– புடிவாதம் புடிக்காத.

– அந்த ஆளு உசுரோட வரட்டும். வந்தா போதும். என்னைய ஜெயில்ல போட்டாலும் சிரிச்சுக்கிட்டே போவேன்.

– பாய்! பாய்! கதவத் தொறங்க லா!

– மச்சான்... அர்ஜுனன் கொரலு!

– போயிப் பாரு!

– ரப்பே! அவருதான்! கையில கட்டு, நெத்தியெல்லாம் செராய்ப்பு, நிக்கிறாரு மச்சான், ரெண்டு காலுலயும் நிக்கிறாரு!

– அல்ஹம்துலில்லா! உள்ள வா தம்பி, வா. ஒக்காரு. நூரு, தண்ணி கொண்டா.

– தண்ணி இருக்கட்டும் பாய். மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த வாரத் தைச்சது யாரு?

– நாந்தான் தம்பி.

– பொய் சொல்றாரு. நாந்தான் தைச்சேன்.

– நூரு, சும்மா இரு!

– இருக்க மாட்டேன். இவருக்குக் கண்ணுல புரை விழுந்து அஞ்சு மாசம் ஆச்சு தம்பி. அதுக்கப்புறம் கடைக்கு வந்த சேணம், வாரு, தலைக்கயிறு எல்லாம் நாந்தான் தைச்சேன். ஒங்க வார மட்டும் ஒத்தை நூல்ல தைச்சுட்டேன். புத்திகெட்டுப் போயி செஞ்சேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.

– அக்காவா! சத்தியமா எனக்குத் தெரியாது லா. நா எதுக்குக் கேட்டேன்னா...

– திட்டணும்னா திட்டிடுங்க தம்பி.

– திட்டறதா? கால்ல விழலாம்னு வந்தேன் அக்கா.

– என்னப்பா ஒளர்ற? தலையில அடி கிடி பட்டுச்சா?

– கேளுங்க பாய். வெளிய சொல்லிராதீங்க. காலி வண்டின்னா நாங்க தூங்கிக்கிட்டேதான் வருவோம். குதிரைக்குத்தான் வழி தெரியுமே. வாரு நழுவிடக் கூடாதுன்னு ரெண்டையும் சேத்து மணிக்கட்டுல நாலு சுத்து சுத்திக்குவோம்.

– அடப்பாவி! வாரக் கையில சுத்தாதேன்னு நா ஒனக்கு எத்தனை தரம்...

– எல்லாரும் செய்யறதுதான் லா. மலை எறங்கறப்ப எதுத்தாப்புல லோரிக்காரன் ஆரன் அடிச்சுட்டான். சிட்டு மெரண்டு பாஞ்சுருச்சு. நா கீழ விழுந்துட்டேன். கை மாட்டிக்கிச்சு. அவுக்கவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. சக்கரத்துக்குப் பக்கத்துலயே தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போவுது. எதுக்க வளைவு. வளைவுல வண்டி என் மேல ஏறணும், இல்லாட்டி நா பள்ளத்துல தொங்கணும். வடிவுன்னு கத்துனேன் பாய். வேற ஒண்ணும் வாயில வரல.

– ரப்பே...

– அப்பத்தான் பட்டுன்னு ஒரு வாரு அறுந்துச்சு. சுத்து தளந்து கை வெளிய வந்துருச்சு. சக்கரம் என் காதோரமாப் போச்சு. அந்த லோரிக்காரனே ஏத்திக்கிட்டு வந்து வீட்டுல விட்டான். வடிவு என்னையப் பாத்துட்டு ஒரு அறை விட்டா, அப்பறம் கட்டிப் புடிச்சு அழுதா. வாரு மட்டும் அறாம இருந்திருந்தா நா அவ்வளவுதான். அதான் யாரு தைச்சதுன்னு கேட்டேன். நல்லா இருங்க அக்கா. ஒங்க ஒத்தை நூலு நல்லா இருக்கட்டும்.

– எனக்கு அழுகையா வருது மச்சான். நா ஒக்காந்துக்கறேன்.

– ஒக்காரு. நல்லா அழுதுக்க. தம்பி, வாரக் கொண்டாந்தியா?

– லாயத்துக்குப் போயி ரெண்டையும் கழட்டிக்கிட்டுத்தான் வந்தேன். தைக்கணுமே.

– குடு, தடவிப் பாக்கறேன். இதுல எது அறுந்தது? எந்தப் பக்கம்?

– இடது பக்கம் பாய்.

– இடதா? பொறு, பொறு. நூரு, கண்ணத் தொடச்சுட்டு இங்க வா. இந்த ஓட்டையெல்லாம் பாரு. வரிசையா இருக்கா?

– எங்க வரிசை? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டு ஓட்டை ஒண்ணோட ஒண்ணு சேந்து தோலே கிழிஞ்சிருக்கு.

– நீ இப்படிக் குத்துவியா?

– ஒரு நாளும் குத்த மாட்டேன். மச்சான், நா தைச்சது வலது பக்கம்! இது நா தைச்சதே இல்ல!

– நா தைச்சது. நோன்புக்கு முந்தி, நீ குத்தூசி புடிக்கறதுக்கும் முந்தி, கண்ணு மங்கிப்போனத ஒன்கிட்ட ஒத்துக்க வெக்கப்பட்டுக்கிட்டு, தட்டுத் தடவித் தைச்சுக் குடுத்தது. இந்தா வலது பக்கம். தம்பி, நல்ல கையால புடிச்சு இழு.

– இழுக்கறேன் பாய். ம்ஹும். அசைய மாட்டேங்குது லா! ஒத்தை நூலா இது?

– அழாதே நூரு, இதக் கேட்டுக்க. இடது பக்கமும் நீயே தைச்சிருந்தா, இந்நேரம் இவன் செத்துருப்பான்.