செல்லியம்மாளின் சிவப்புக்கல் கம்மல்

ராத்திரி பத்தரை மணி. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலை. ஒரு வண்டி இல்லை, ஒரு விளக்கு இல்லை... எண்பத்தேழு புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம்.

என் கூட்டாளி காசிநாதனின் அத்தை பாப்பாத்தி தனியாக நடந்தாள். தோளில் ஐந்து வயது எழில்மதி, காய்ச்சலில் கொதித்தாள். விடிவதற்குள் ஆஸ்பத்திரி போயாக வேண்டும். ஊர் ஆண்களெல்லாம் போலீசுக்குப் பயந்து கல்வராயன் மலை ஏறிவிட்டார்கள்.

எழில்மதி, பாப்பாத்தி புருஷனின் மூத்தாள் பெண். மூத்தாள் செல்லியம்மாள் செத்து மூன்று வருஷம். அவள் விட்டுப்போனது ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மல். நாலு தலைமுறையாக அம்மா காதிலிருந்து பெண் காதுக்கு வந்தது. "அது எங்க வூட்டு நக. அதக் குடுத்தாத்தான் காது குத்த மடி தருவேன்" என்று தாய்மாமன் இருசப்பன் அடம்பிடித்தான். பாப்பாத்தி மசியவில்லை. பெண்ணுக்குக் காது குத்தாமலே கிடந்தது. பூட்டிய வீட்டில் விட்டுவர மனமில்லாமல், அன்று கம்மலைத் தன் காதில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

முதல் மரத்தைத் தாண்டினாள். பச்சைப் புளியமரம், இலை நசுங்கிய வாசனை. பின்னால்... டிக்... டிக்... மெட்டிச் சத்தம்.

"கம்மலக் குடு."

செல்லியம்மாள் குரல். ஒரே தெருக்காரி, தெரியாதா?

நானாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்தவளுக்கு இன்னாத்துக்கு நக? இது ஒம்பொண்ணுக்கு. ஒங்கண்ணனுக்கே தரல, ஒனக்குத் தருவனா?"

மெட்டி நின்றது... மறுபடி நடந்தது.

அடுத்தது பெரிய ஆலமரம். பிள்ளையோடு ஏற முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன. மஞ்சள் வாசனை. கூடவே ஈரமண் வாசனை...

பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. நேரமில்லை.

"புடி. பெத்தவளாச்சேன்னு தரேன். தூக்கிக்கினு போலாம்னு நெனச்ச... எங்க போனாலும் வந்து புடுங்கிக்கினு வருவேன்!"

பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கைகால் கிழிய ஏறிக் குதித்தாள்.

பிள்ளை சாலையில் தனியாக உட்கார்ந்திருந்தது. உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. பாப்பாத்தி தன் காதைத் தடவினாள். வெறுங்காது.

"திருட்டு முண்ட!" என்று இருட்டைப் பார்த்து வைதுகொண்டே நடந்தாள்.

ஆஸ்பத்திரி டியூப்லைட்டில்தான் பார்த்தாள். கம்மல் எழில்மதி காதில். ரத்தமில்லை, புண்ணில்லை. ஓட்டை ஆறி வருஷக்கணக்கானது போல் இருந்தது.

சேதி கேட்டு இருசப்பன் மலையிறங்கிப் பாய்ந்து வந்தான்.

"என்னக் கேக்காம யார் மடியில ஒக்கார வெச்சிக் குத்துன?"

பாப்பாத்தி வாய் திறக்குமுன் பிள்ளை சொன்னது.

"அம்மா மடியில, மாமா. ஜில்லுன்னு இருந்திச்சி."