மைதானத்தில் வரும் தண்ணீர்த் தொட்டி

பிள்ளைகளே, போன வாரம் ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் விளையாட்டு உடுப்போடு இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"நம்ம கோச் சாரை எலெக்சன்ல தோக்க விட்டுருக்கணும்டி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"கவுன்சிலரா ஜெயிச்சாகன்னு நீதான குலவை போட்ட?" என்றாள் மற்றவள்.

"நமக்குச் சிமிண்டுத் தரை போட்டுத் தருவாகன்னு நெனச்சேன். இப்ப நம்ம பாஸ்கெட்பால் கிரவுண்டுலயே தண்ணித் தொட்டி கட்டப் போறாக. நேத்து வளையத்தைக் கழட்டிட்டாக."

"வார்டுல வேற பொறம்போக்கே இல்லையாம். சார் என்ன செய்வாக?"

"அடுத்த மாசம் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறாக. எங்கன போயிப் பழகுறது? சார்கிட்டயே கேட்டேன். வீடு வீடாப் போயி, ஓட்டுப் போட்டா வாசல்ல தண்ணி வரும்னு சொன்னது யாருன்னு திருப்பிக் கேட்டாக."

"நாமதான்."

"சார் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லடி. ஓட்டு விழணுமேன்னு நாமளா சொன்னது."



"உங்க ஆத்தாவை விட்டுச் சார்கிட்ட பேசச் சொல்லேன்," என்றாள் மற்றவள்.

"எங்க ஆத்தாவா? தொட்டி கேட்டு எழுதுன மனுவுல மொத கைநாட்டு அதோடதுதான். தெனமும் மூணு தெரு தாண்டிப் போயித் தண்ணி சொமக்குது. அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலடி."