சில்லுக்கடியில் தேசிக்காய்

டயருக்குக் காற்றுப் பார்ப்பதென்றால் விடியவே, வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். ஓடிய பிறகு பார்த்தால் ரப்பர் சூடேறி, உள்ளே இருக்கிற காற்றும் விரிந்து, அளவுமானி கூடத்தான் காட்டும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இதெல்லாம் நான் என் மகன் சாயிசனின் வண்டியால் தெரிந்துகொண்டது. நான் டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறவள். மோட்டார் சைக்கிளில் இதுவரை ஏறியதே இல்லை.

பயந்த சுபாவம் எனக்கு. அதை ஒளிக்க நான் விரும்பவில்லை. என் கணவர் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். ஒருநாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர், மதியம் நெஞ்சுவலி வந்து அங்கேயே விழுந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது ஒரு போன் அழைப்பில்தான். அன்றிலிருந்து போன் அடித்தால் எடுக்கப் பயம். எனக்கு மிஞ்சியது சாயிசன் ஒருவன்தான்.

அவன் தொழிற்பயிற்சி முடித்து, சொந்தச் சம்பளத்தில் முதலில் வாங்கியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவன் என் காலடியில் வந்து இருந்து கெஞ்சினான்.

"அம்மா, நீங்கள் சும்மா பயப்பிடுறியள். நான் ஒருநாளும் கண்மண் தெரியாமல் ஓடமாட்டன்."

சரி, கோயிலில் பூசை செய்துவிட்டு எடு என்றேன். ஐயர் வண்டிக்குச் சந்தனம் பூசி, இரண்டு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தார். சாயிசன் அவற்றை நசித்துக்கொண்டு வெளியே வந்தான். புது வாகனத்துக்கு ஒருமுறை செய்வதுதான் வழக்கம். நான், நீ வெளிக்கிடுகிற ஒவ்வொரு தடவையும் தேசிக்காய் வைப்பேன், நீ சாமியைக் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டுதான் போகவேண்டும் என்றேன். அவன் சிரித்தான்.

"ஓம் அம்மா, வையுங்கோ. தேசிக்காய் முடிஞ்சால் நானே வாங்கித்தாறன்."

சொன்னபடி வாங்கியும் தந்தான். நல்ல பிள்ளை. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்தான் வண்டி நிற்கும். அவன் மேலே வீட்டுக்குப் போய்ச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வரும்வரை நான் கீழே சில்லுக்குப் பக்கத்தில் தனியாகக் குந்தியிருப்பேன். தேசிக்காயோடு குந்தியிருக்கிற தாயை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

டயரைப் பற்றி அவன் பாடம் நடத்தியதும் அந்த இடத்தில்தான். "காத்துக் கூடினால் நடுவில தேயும் அம்மா. குறைஞ்சால் ரெண்டு ஓரமும் தேயும். குறைஞ்ச டயரோட வளைவில போனால் வண்டி சொல்லுக் கேக்காது, கட்டாக்காலி மாடு மாதிரித் தன்ரபாட்டுக்கு இழுக்கும்." வண்டி சொல்லுக் கேட்காது என்றது என் மனதில் நின்றுவிட்டது. சொல்லுக் கேட்காத வண்டியை எத்தனை நாளைக்கு ஒருவன் வைத்திருப்பான்? அலுத்துப்போய் விற்றுவிடுவான். நான் நினைத்தது அவ்வளவுதான்.

காற்று வாயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறிய முனையைக் கொண்டையூசியால் அழுத்தினால் போதும். முதல்நாள் காற்றுச் சீறிய சத்தம் தரிப்பிடம் முழுக்கக் கேட்கும் போலிருந்தது. சுற்றிப் பார்த்தேன், கார்கள் மட்டும்தான் நின்றன. முருகா, முருகா என்று நிதானமாகச் சிலதரம் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன். அன்று பின்னேரம் அவன் வந்து, "வண்டி இண்டைக்கு ஒரு மாதிரிப் பாரமா இருந்தது" என்றான். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஆனால் அவன் வண்டியை விற்கவில்லை. அதனால் நான் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கிட்ட, மெதுவாகப் போகிற இடத்தில், அவன் ஒருதரம் விழுந்தால் நல்லது என்று பட்டது. கை முறியும். மாவுக்கட்டுப் போடுவார்கள். நான் சோறு ஊட்டிவிடுவேன். பிறகு வண்டி வேண்டாம் என்பான். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போதும் பிள்ளை வீரிட்டு அழத்தான் செய்கிறது. தாய்தான் அதன் தொடையை அமுக்கிப் பிடிக்கிறாள்.

அந்தக் கோடை முழுவதும் அவன் வேலையால் வந்து படுத்திருக்கிற மதியங்களில் நான் கீழே போய்வந்தேன். அவன் பெற்றோல் நிலையத்தில் காற்றுப் பார்ப்பான். ஓடிய சூட்டில் மானி சரியாகக் காட்டும், அவனும் திருப்தியோடு வருவான். கடைசியில் டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. டயர் மாற்றுகிற சுபேசன் அதைப் பார்த்துவிட்டு அவனை ஏசினான். சுபேசன் எங்கள் கோயிலுக்கு வருகிற பொடியன், கடன்பட்டு ஒரு சின்னக் கடை போட்டிருந்தான். நானும் அன்று கூடப் போயிருந்தேன்.

"டேய், காத்தே பார்க்கிறேல்லையோ? சூட்டில பார்த்தால் கூடத்தான் காட்டும். விடியப் பார், ஓட முன்னம் பார். நான் காத்து வாயையும் புதுசாப் போட்டுவிடுறன்."

சாயிசன் ஒரு நல்ல அளவுமானி வாங்கினான். அதன் பிறகு வெளிக்கிடுகிற நாளில் விடியவே இறங்கிப்போய் அளந்து, குறைந்திருந்தால் காற்றடிக்கிற பம்மால் அடித்துச் சரிபார்ப்பான். பிறகுதான் சாமி கும்பிட மேலே போவான். ஆகவே என் வேலையும் அதற்குப் பிறகு என்று மாறியது. வேறு வழி இருக்கவில்லை.

யதுஷாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயிசனோடு படித்த பெண். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. வீட்டுக்கு வந்தால் தானே தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒரு கோப்பை தருவாள். ஓர்லிகோனில் தாங்கள் இரண்டு பேரும் வீடு பார்த்திருப்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். "அன்ரி, உங்களுக்கும் ஒரு திறப்புத் தருவம். நினைச்ச நேரம் வரலாம்" என்றாள். நல்ல சந்தோசம் பிள்ளை என்றேன். இதைச் சொல்வது, பிறகு நடந்ததற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளவுசன் மலைக் கணவாய்க்கு வெளிக்கிட்டார்கள். சாயிசன் என் கண்ணுக்கு முன்னாலேயே அளந்தான். இரண்டு பேர் ஏறினால் பின் டயருக்குக் காற்று முழுதாக இருக்க வேண்டும், குறைந்தால் ஆபத்து என்று விளக்கமும் சொன்னான். பிறகு இரண்டு பேரும் மேலே போனார்கள். நான் தேசிக்காயை வைத்தேன். ஊசியை எடுத்தேன். அன்றைக்கு வழமையைவிடக் கொஞ்சம் கூடவே விட்டேன். தூரப் பயணம், வண்டி பாரமாக இருப்பது வேளைக்கே தெரிந்தால் பாதியில் திரும்பிவிடுவார்கள் என்றுதான்.

யதுஷா நெற்றியில் விபூதியோடு இறங்கி வந்து ஹெல்மெட்டைப் போட்டாள்.

"அன்ரி, இந்தப் பட்டி இறுக்கமா இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு டயரைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, பொய் சொல்லவில்லை. சொன்னால் சாயிசன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அந்தப் பார்வைக்குப் பயந்துபோனேன். பட்டியை இழுத்து இறுக்கிவிட்டேன். கவனமாகப் போங்கோ பிள்ளையள் என்றேன். சில்லுக்கடியில் தேசிக்காய் நசிந்த மணம் அவர்கள் போன பிறகும் நின்றது.

கணவாயால் இறங்குகிற ஒரு வளைவில் வண்டி சொல்லுக் கேட்கவில்லை. யதுஷா அந்த இடத்திலேயே போய்விட்டாள். சாயிசனை ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். அன்று போன் அடித்தபோது நான் பயப்படாமல் எடுத்தேன், அதுதான் எனக்கே ஆச்சரியம். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் முள்ளந்தண்டு உடைந்துவிட்டது, இனி நடக்கமாட்டார் என்றார்கள். நன்றி சொன்னேன். யதுஷாவைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

அவளுடைய எட்டுச் செலவுச் சடங்குக்கு நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். அவளுடைய தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை.

டயரில் காற்றுக் குறைந்திருந்ததைப் பொலிஸ் கண்டுபிடித்தது. "நான் பார்த்தனான், விடியப் பார்த்தனான்" என்று சாயிசன் கட்டிலில் கிடந்து சொல்லிக்கொண்டே இருந்தான். தலையில் அடிபட்டவன் சொல்வதை யார் எடுப்பார்கள்? கடைசியில் எல்லோருடைய பார்வையும் சுபேசன் புதிதாகப் போட்ட காற்று வாயில் போய் நின்றது. குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஆட்கள் அவனிடம் போவதை நிறுத்தினார்கள், கடை பூட்டுப்பட்டது. இப்போது பார்சல் வான் ஓட்டுகிறான். கோயிலில் என்னைக் கண்டால் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொள்கிறான். ஒருதரம் கிட்ட வந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்றான். மன்னித்துவிட்டேன் என்றேன். வாலிபப் பொடியன், எப்படியும் நிமிர்ந்துவிடுவான்.

லுசேர்ண் பக்கத்து மறுவாழ்வு நிலையத்தில் மாதக்கணக்காக இருந்துவிட்டுச் சாயிசன் சில்லுக் கதிரையில் வீட்டுக்கு வந்தான். வாசலில் அதற்கும் தேசிக்காய் வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமான மாரிகாலம் எனக்கு வாய்த்ததில்லை. எந்த அறையில் இருந்தாலும் அவனுடைய சில்லின் சத்தம் எனக்குக் கேட்கும். போன் அடித்தால் நான் என்பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன். இனி அதில் என்ன வரப்போகிறது?

இந்த வசந்தத்தில்தான் மறுபடியும் தொடங்கியது. ஓர்லிகோனில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே லிப்ட் உள்ள வீடும் கிடைத்திருக்கிறது என்றான். "அம்மா, நான் தனிய இருந்து பழக வேணும்" என்றான். ஒவ்வொரு காலையும் ஸ்டேசன் பக்கத்துச் சரிவுவரை தனியாகப் போய்வரத் தொடங்கினான்.

சில்லுக் கதிரைக்கும் காற்றடித்த டயர்தான். காற்றுக் குறைந்தால் தள்ளுவது கடினம், தோள் நோகும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அது நல்லதுதானே, தூரம் போகமாட்டான். பழையபடி தேசிக்காயை எடுத்தேன். அவன் சோபாவுக்கு மாறியிருந்து கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரம் கதிரை வாசலில் என்னோடு நிற்கும்.

இன்று காலையும் அவன் அளவுமானியால் அளந்தான். கும்பிட்டான். பிறகு நான் நினைக்காத ஒன்றைச் செய்தான். கதிரையில் ஏறியதும் குனிந்து மறுபடியும் அளந்தான். அந்த இலக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என் கையைப் பார்த்தான், கையிலிருந்த தேசிக்காயைப் பார்த்தான், கடைசியில் என் கொண்டையைப் பார்த்தான்.

"அம்மா, இனித் தேசிக்காய் வைக்க வேண்டாம்" என்றான். சத்தம் போடவில்லை. மேசையிலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே கதிரையைத் தள்ளித் தன்னுடைய அறைக்குப் போனான். உள்ளே பூட்டுகிற சத்தம் கேட்டது. அவன் ஒருநாளும் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளை இல்லை.

உள்ளே மெதுவாக யாருடனோ கதைக்கிறான். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறான். எதற்கோ நன்றாகப் பயந்துபோயிருக்கிறான், பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை. பிரேக்கும் பிடிக்காத கதிரையில் அவனை எப்படித் தனியாக விடுவது? நல்லவேளை, அந்த அறைக்கு இன்னொரு திறப்பு என்னிடம் இருக்கிறது.