பொன்னாடை போர்த்திய வீடு

நாசரேத் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் தோணி செய்யும் ஆசாரி இருந்தார். பக்கத்தில் காலிக் கூடையோடு மீன் விற்கும் அம்மா. படியோரம் கண்டக்டர். அவர்களுக்கு முன் சீட்டில் நான். வெளியே மழை.

"என் வீட்டுக்குள்ள குடை பிடிச்சித்தான் சோறு திங்கேன். ஒரு ஓடு மாத்தினாலும் தப்பாம்" என்றார் ஆசாரி.

"யாரு சொன்னா, அண்ணாச்சி?" என்று கேட்டார் மீன்கார அம்மா.

"மெட்ராஸ்ல இருந்து நாலு பேரு வந்தாவ, பழைய வீடெல்லாம் பாக்க. பவளக்கல் சுவரு, பனங்கைக் கூரை, நாட்டு ஓடு, எல்லாம் பாரம்பரியமாம். எதையும் மாத்த மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாவ."

"வாசிச்சுப் பாக்கலையா?"

"பொன்னாடை போத்துனாவ. அது கண்ணை மறைச்சிட்டு."

கண்டக்டர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் ஒழுகாத தோணி செய்யுத ஆளு. வீட்டுல தண்ணி கோருதாரு."

"தோணின்னா பஞ்சும் குங்கிலியமும் வச்சி அடைச்சிருவேன். வீட்டுல ஆணி கூட அடிக்கக் கூடாதாம்."

"மதினி என்ன சொல்லுதாவ?" என்றார் அந்த அம்மா.

"ஓடு மாத்தினாத்தான் வருவேன்னு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. கூப்பிடத்தான் போறேன்."

"மாத்தியாச்சா?"

"இல்ல. பொன்னாடையக் கொண்டு போறேன்." மடியில் இருந்த பையைத் தட்டினார்.

"அதை ஒழுகுத இடத்துல கட்டுங்க, அண்ணாச்சி."

"ஒழுகுத இடத்துல எல்லாம் பாத்திரம் வச்சிருக்கேன். அதையும் வரிசை அழகா இருக்குன்னு படம் எடுத்தாவ."

"எத்தனை பாத்திரம்?"

"அவ போறப்ப ஒம்பது."

"இப்ப?"

ஆசாரி விரல் விட்டு எண்ணினார்.

"பதினாலு."