ஏரிதானே

இல்லண்ணா, செல்லை அரிசி டப்பாவுலல்லாம் போடல. தண்ணியில விழுந்துச்சு, நேரா உங்க கடைக்குக் கொண்டாந்துட்டேன். அம்மா செல்லு. ஹவ், ஆமா, ஜலஜாதான். போன மாசம் கிளாஸ் ஒட்டக் கொடுத்துட்டு உங்க காதே வலிக்கிற மாதிரி கதை பேசிச்சே, அதே ஜலஜா. சிம்மா? அதை என் செல்லுல போட்டுட்டேன். அவசரம் ஒண்ணும் இல்ல கணேஷ்குமாரண்ணா, மெதுவா திறந்து பாருங்க.

ஏன் சிரிக்கிறீங்க? இந்த ஸ்ரீஜா வாயில மெதுவான்னு வருதேன்னா? இன்னிக்கு வருது.

டீ நக்கோண்ணா, வேணாம். அதிருறது என் பாக்கெட்தான். ஷாமீர்பேட்ல பிளாட் வேணுமான்னு கேக்குறவங்களா இருக்கும். அடிச்சு ஓயட்டும், விடுங்க.

வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. அப்பா டூட்டிக்குப் போயிட்டாரு, அம்மா கோயில்ல இருக்கு. மாதவ் கப்பல்ல இருக்கான். என் அண்ணன்தான், ஆனா அண்ணன்லாம் கூப்பிட மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. கனடாவுல படிச்சான், அங்கேயே செட்டிலாகி கப்பல்ல வேலைக்குச் சேந்துட்டான். கடல்ல இல்லண்ணா, ஏரியில.

பாத்தீங்களா, நீங்களும் அதே முகம் காட்டுறீங்க. ஏரியில என்ன கப்பலுன்னு. எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு.

இங்க படிக்கும்போதே அவன் கப்பல் வேலைக்குப் போறேன்னு சொன்னான். அம்மா ரெண்டு நாள் சோறு தொடல. கடல் வேணவே வேணாம், ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலையா பாருன்னு ஒரே அழுகை. அப்புறம் கனடா போயிட்டு, அம்மா இது கடல் இல்லம்மா, ஏரின்னு சொன்னான். அவ்வளவுதான். அம்மா மொத்தமா மாறிடுச்சு. பாயசம் வச்சு தெருவுக்கே கொடுத்துச்சு. ஏரிதானே, தடுமாறி விழுந்தாலும் கத்தினா கரையில கேக்கும்னு சொல்லுச்சு. அதுக்குத் தெரிஞ்ச ஏரி ஹுசேன் சாகர்தான். படகுல போயி நடுவுல நிக்குற புத்தர் சிலையைப் பாத்துட்டு மிர்ச்சி பஜ்ஜி சாப்பிட்டுட்டு வரலாமே, அந்த ஏரி. அந்த ஏரிக்கரை டேங்க் பண்ட்ல போய் கற்பூரம் ஏத்தி, தாயே உன் தங்கச்சிகிட்ட சொல்லி என் புள்ளைய பாத்துக்கச் சொல்லுன்னு கும்பிட்டுட்டு வந்துச்சு. எல்லா ஏரியும் அக்கா தங்கச்சியாம். நான் சிரிச்சேன்.

அந்தத் தங்கச்சி எவ்வளவு பெரிசு தெரியுமாண்ணா? நடுவுல நின்னா எந்தப் பக்கமும் கரை தெரியாது. நம்ம தெலங்கானாவுல முக்கால்வாசிய உள்ள போட்டு முக்கிடலாம்.

கப்பல் எவ்வளவு நீளமா? உங்க கடையிலேருந்து அந்தப் பக்கம் சிக்னல் வரைக்கும் ஒரே இரும்புன்னு வச்சுக்கோங்க. ஆனா ஒல்லி. ஸ்கேல் மாதிரி. ஏன்னா ஒரு ஏரி மேல இருக்கும், அடுத்தது கீழ இருக்கும். நடுவுல பெரிய தொட்டி கட்டி வச்சிருக்காங்க. கப்பல் உள்ள போனதும் கதவைச் சாத்தி தண்ணிய வடிப்பாங்க, லிஃப்ட் மாதிரி அப்படியே இறங்கும். அந்தத் தொட்டிக்குள்ள நுழையணுமே, அதான் ஒல்லியா கட்டுறது. சரக்கு இரும்புதான். கோலி சைஸ்ல உருண்டை உருண்டையா. இறக்க கிரேனே வேணாம். அடியில கதவு திறந்தா உருண்டையெல்லாம் பெல்ட்டுல கொட்டும். பெல்ட் மேல ஏறி, ஒரு நீளமான கை வழியா கரையில போய்க் கொட்டிடும். மல்லாபூர் ஃபேக்டரியில ஓடுமே பெல்ட், அது கப்பல் வயித்துக்குள்ள ஓடுது.

புதுசா? எங்க? அதுக்கு எங்கப்பா வயசு. உப்புத் தண்ணி இல்லியா, சீக்கிரம் துரு ஏறாது. அதனால எத்தனை வருஷம் ஆனாலும் விட மாட்டாங்க. எஞ்சினை மாத்தியாச்சு. நடுவுல குறுக்கால வெட்டி, இன்னொரு துண்டு சேத்து ஒட்டி நீளம் பண்ணியாச்சு. சத்தியமா. அதை அவன் பெருமையா சொல்றான்! ஒட்டின இடத்துக்கு மேலயா நீ படுக்குறேன்னு கேட்டேன். போடி லூசுன்னான்.

ஒரு நாள் வீடியோவுல காட்டினான். காத்து அடிச்சா மேல நடக்க விட மாட்டாங்களாம், அடியில ஒரு சுரங்கம் மாதிரி வழி இருக்கு, கப்பல் முழு நீளத்துக்கும். அவன் இந்த முனையில நிக்குறான். அந்த முனையில எரியுற லைட்டு மேல போகுது, கீழ வருது, மேல போகுது. லைட்டு ஆடலண்ணா. கப்பலே வளையுது. இரும்பு வளையுது! வளையணும்டி, வளையலன்னாதான் ஒடியும்னு சிரிக்கிறான். எனக்கு அன்னிக்கே தூக்கம் போச்சு.

எல்லாம் தேடிப் படிச்சேன். ஸ்கூல் புஸ்தகம் ஒரு பக்கம் படிக்க மாட்டேன், இன்டர் காலேஜ் பாதியில விட்டவ, இதைப் படிச்சேன். எழுபத்தஞ்சுல இதே ஏரியில இதே மாதிரி ஒரு கப்பல் முழுகுச்சு, இதே மாதிரி சரக்கு, இதே நவம்பர். காப்பாத்துங்கன்னு ஒரு வார்த்தைகூட ரேடியோவுல வரல. இருபத்தொன்பது பேர். ஒரு உடம்புகூட கிடைக்கல. அந்தத் தண்ணி அவ்வளவு ஜில்லுன்னு இருக்குமாம், உடம்பு மேல வராதாம். ஏன் முழுகுச்சுன்னு இன்னும் சண்டை போட்டுக்குறாங்க. சரக்கு ரூமுக்கு மேல் மூடியை சரியா இறுக்காம விட்டிருப்பாங்கன்னு ஒரு கட்சி. மாதவுக்கு வேலையே அந்த மூடிதான்! சுத்திச் சுத்தி கிளாம்பு, ஒவ்வொண்ணா இறுக்கணும். எல்லாத்தையும் இறுக்குறியாடான்னு கேட்டேன். எல்லாத்தையும் இறுக்குவேன்டின்னான். வீட்ல டூத்பேஸ்ட் மூடியைக்கூட மூட மாட்டாண்ணா அவன்.

அடிக்கட்டும்ணா. பிளாட்டுக்காரன்தான். விடுங்கன்னு சொல்றேன்ல.

சாரி. கத்தணும்னு இல்ல.

இங்க பாருங்க. இது ஒரு ஆப். உலகத்துல எந்தக் கப்பல் எங்க போகுதுன்னு புள்ளி புள்ளியா காட்டும். இந்தப் பச்சைப் புள்ளி மாதவ். தினம் காலையில பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பேன். நேத்து சாயங்காலத்துலேருந்து இதே இடத்துல நிக்குது. நடு ஏரியில. நடுவுல சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பயப்படாதன்னு அவன் சொல்லியிருக்கான். இவ்வளவு நேரம் வராம இருந்ததில்ல. அங்க புயல். மத்த கப்பல் எல்லாம் மலை ஓரமா ஒதுங்கி நிக்குது, பாருங்க, கொத்தா. இது மட்டும் தனியா.

அப்பாகிட்ட சொல்லல. சொன்னா அவர் முகம் காட்டிக் கொடுத்துடும். அம்மாவுக்கு இன்னும் அது ஏரிதான்.

செல்லுக்குள்ள தண்ணி போயிருக்கா? போயிருக்கும். தானா விழலண்ணா, நாந்தான் பக்கெட்ல போட்டேன். காலையில அம்மா சாமி ரூம்ல இருந்துச்சு, இது அடிச்சுது. பிளஸ் ஒன்னுன்னு ஆரம்பிக்கிற கனடா நம்பர். மாதவ்னா பேர் வரும், போட்டோ வரும். இது வெறும் நம்பர். ஏதாவதுன்னா கூப்பிடறதுக்கு ஆபீஸ்ல அவன் அம்மா நம்பரைத்தான் கொடுத்திருக்கான். கட் பண்ணேன். என்ன பண்றதுன்னு தெரியல. பக்கெட்ல போட்டுட்டேன். சிம்மைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல. அவனே கூப்பிட்டா?

அம்மா கோயில்லேருந்து இங்கதான் வரும். ஸ்பேர் சாமான் ஆபிட்ஸ் மார்க்கெட்லேருந்து வரணும், நாளாகும்னு சொல்லிடுங்க. அதுக்குத்தான் வந்தேன். ரிப்பேருக்கு இல்ல.

பிளாட்டுக்காரனும் இல்லண்ணா. நான் வந்ததுலேருந்து காலையில வந்த அதே நம்பர்தான் அடிக்குது. அங்க இப்ப நடு ராத்திரி. நடு ராத்திரியில எந்த ஆபீஸ்காரன் நல்ல சேதி சொல்லக் கூப்பிடுவான், நீங்களே சொல்லுங்க.

மறுபடியும் வருது. என்னால எடுத்துப் பேச முடியாது.

அம்மா செல்லைக் கீழ வையுங்கண்ணா. இதை எடுங்க.