ஆற்றங்கரை மெரேசெய்னி அம்மையாருக்கு லம்பாசா கட்சி அலுவலகத்தாரின் மனம் திறந்த மடல்

வனுவா லெவு தீவின் வாஞ்சைமிகு மகளே! அடைக்கலம் தேடி வந்தோரை அரவணைத்த அன்னையே! எங்கள் வட்டாரக் கட்சிச் செயலாளரே! இவற்றுள் எந்தப் பெயரால் தங்களை முதலில் விளிப்பதென்று மூன்று நாளாக எங்களுக்குள் வழக்கு. முடிவு காணாமலேயே தங்கள் பணி ஓய்வு விழா மேடையேறிவிட்டோம், பொறுத்தருள்க!

பத்தொன்பது ஆண்டுகள் சமூகப் பணியாளராக, சேறும் சகதியும் பாராது ஆற்றங்கரைக் குடிசைகளெங்கும் நடந்தீர்கள். புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்த ஆண்டில், தேவாலயக் கூடத்தைத் திறக்கச் செய்து நூற்று நாற்பது பேருக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துப் போட்டீர்கள். "கெஞ்சிக் கெஞ்சி வாய் வலிக்குது. முடிவு எடுக்கிற எடத்துக்கே போயிடறேன்" என்று சொல்லித்தான் கட்சிக்குள் வந்தீர்கள்.

ஆனால், அம்மையே, அந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவோ அதே ஆற்றங்கரையைக் காலி செய்வதாக இருந்தது! எதிர்த்து வாக்களித்தீர்கள், தோற்றீர்கள். பதவி விலகுவீர்கள் என்று எங்களில் பாதிப்பேர் எதிர்பார்த்தோம், விலகவில்லை. காலி செய்யச் சொல்லும் அறிவிப்பில் கையெழுத்திட்டு, குடிசை குடிசையாகத் தாங்களே எடுத்துச் சென்று கொடுத்தீர்கள். மறுநாள், அந்த ஆற்றங்கரையிலேயே குடியிருந்த தங்கள் நெடுநாள் தோழி விலிமைனா, கொட்டும் மழையில் அலுவலக வாசலில் நின்று கத்தினார்: "அடியே, நீ எங்க ஆளா, அவங்க ஆளா?"

"எனக்கே தெரியலடி. மொதல்ல உள்ள வா, நனையுற" என்றீர்கள்.

அவர் வரவில்லை.

அதன்பின் ஒன்பது மாதம் தலைவர்களின் வாசல்தோறும் காத்துக்கிடந்து, நாற்பத்து மூன்று குடும்பங்களில் முப்பத்தொன்றுக்கு மலையடிவாரத்தில் மனை பெற்றுத் தந்தீர்கள். வென்றீர்கள் என்று எழுதினால், விலிமைனாவின் குடும்பம் உள்ளிட்ட பன்னிரண்டு குடும்பங்கள் கண்முன் நிற்கின்றன. தோற்றீர்கள் என்று எழுதினால், முப்பத்தொரு கூரைகள் மறுக்கின்றன! "அவங்க விலகியிருந்தா ஒரு மனைகூட கெடச்சிருக்காது" என்பார் எங்கள் தட்டச்சர் செமி. "அவங்க கையெழுத்து இல்லன்னா யாரும் ஆத்தங்கரைய விட்டு அசைஞ்சிருக்கவே மாட்டாங்கப்பா" என்பார் ஓட்டுநர் இலைசா. எங்களுக்கு இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது.

சென்ற ஞாயிறு, விலிமைனா ஒண்டியிருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். மீனும் கிழங்கும் தட்டில் வைத்து, "தின்னு. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத" என்றாராம். "ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னேன்" என்று எங்களிடம் சிரித்தீர்கள். கண் துடைத்ததையும் கண்டோம்.

போற்றவா, கேள்வி கேட்கவா என்றறியாது திகைக்கும் எங்களை வாழ்த்தி விடைபெறுக! முழங்கால் வலி தணிந்து, மூச்சு சீராகி, முதுமை இனிதாகுக! ஞாயிறுதோறும் அந்த வீட்டுக் கதவு தங்களுக்குத் திறக்கட்டும்!

இங்ஙனம்,
தங்களோடு உடன்பட்டும் முரண்பட்டும் உழைத்த
லம்பாசா வட்டார அலுவலகத்தார்