கார்னிவல் சனிக்கிழமைக்கு விடுப்புத் தராத மேலாளருக்கு விடைதரும் மடல்

விடுப்பு மறுத்த வேந்தே! வருகைப் பதிவேட்டின் வல்லரசே! ஒரூரோ நகரமே முகமூடி பூண்டு, முழவு அதிரத் தெருவில் இறங்கும் திருநாளில், முகப்பு வாயிலில் முறைத்தபடி நின்ற முதல்வரே! எங்கள் சேமியா ஆலையின் மேலாளர், மாண்புமிகு டான் குவால்பெர்த்தோ அவர்களே!

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களை ஆண்டு முடித்து, நாளைச் சனிக்கிழமையோடு பணி ஓய்வு பெறும் தங்களுக்கு, இன்று வெள்ளிக்கிழமை, ஊர் வழக்கப்படி இயந்திரங்களுக்கெல்லாம் பீர் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்குகள் தூவி வாழ்த்திய ஈரம் காயும் முன்னே, எங்கள் வணக்கத்தையும் வாசிக்கிறோம். இந்த மடலை எழுத அலுவலகம் எங்களுக்கு ஒரு மாதிரி கொடுத்தது. அதில் தாங்கள் 'பொறுமையின் சிகரம்' என்றும் 'தொழிலாளர் தோழர்' என்றும் இருந்தது. அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் இயந்திரம் ஓட்டும் ஃப்ரோய்லானுக்குப் புரையேறி, முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று. ஆகவே மாதிரியை ஓரம் வைத்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்ததைப் பாராட்டுகிறோம். உட்காருங்கள் ஐயா, இன்னும் இருக்கிறது.

உற்பத்தியே உயிரென்று உழைத்த உத்தமரே! ஒவ்வொரு கார்னிவலுக்கு முன்னும் அறிவிப்புப் பலகையில் 'விடுப்பு இல்லை' என்று ஒட்டினீர்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவன் கேட்பானா? பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்தது. மீதிப் பேரின் மாமியார்கள் திடீரென்று படுக்கையில் விழுந்தார்கள். யார் வருவார், யார் வரமாட்டார் என்று வாயிற்காவலருக்குக்கூடத் தெரியாது. மாவு பிசைய ஆளிருக்கும், உலர்த்த ஆளிருக்காது. பிசைந்ததெல்லாம் புளித்துப் போகும். அதையும் எங்கள் சோம்பேறித்தனம் என்று முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னீர்கள். பொய் சொல்ல வைத்ததும் நீங்கள், பொய்யர் என்று ஏசியதும் நீங்கள்!

ஒரு வருடம் வாயிலைப் பூட்டி, எல்லோரையும் உள்ளே வைத்தீர்களே, அந்தச் சாதனையை மறப்போமா! வெளியே பேண்டு வாத்தியம் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் கைகள் இங்கே இருந்தன, காதுகள் தெருவில் கிடந்தன. உலர்த்தும் அறையில் சூடு ஏறியதை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை சேமியாவும் நொறுங்கித் தூளாகிக் கோழிகளுக்குப் போயிற்று. அன்றைக்கு முழு வருகை என்று மட்டும் மறக்காமல் பெருமையடித்துக்கொண்டீர்கள்.

வேறு வழி இல்லாமலா இருந்தது? எங்கள் இரவு ஷிப்டு எலிசேயோவும் அவருடைய சபையைச் சேர்ந்தவர்களும் கார்னிவலுக்கு ஆடவும் மாட்டார்கள், குடிக்கவும் மாட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் சனிக்கிழமை. "நாங்க வந்து பாத்துக்கிறோம் ஐயா, ஆடறவங்க ஆடட்டும். ஆகஸ்டுல எங்க சபைக் கூட்டம் வரும்போது அவங்க எங்களுக்குப் பாக்கட்டும்" என்று அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். தாங்கள் அருளிய மறுமொழி இந்த ஆலையே அறியும்: "யார் எப்ப வரணும்னு நீங்களே பேசி வச்சுக்கிட்டா, அப்புறம் நான் எதுக்குய்யா இங்க?" அந்தக் கேள்வியைத்தான் ஐயா, அன்றிலிருந்து நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கழுகுக் கண்ணரே! கடமைக் காவலரே! எங்களை உள்ளே அடைக்கப் பார்த்த தாங்கள், மற்ற வருடங்களில் வாயிலில் முறைத்து முடித்ததும், அதே சனிக்கிழமை ஊர்வலப் பாதையில் ஆலைச் செலவில் இருக்கை பிடித்து, தொலைநோக்கியோடு அமர்ந்தீர்கள். சாத்தான் வேடக்காரர்கள் தண்ணீர் குடிக்க முகமூடியைத் தூக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தீர்கள். போன வருடம், நடையை வைத்தே இது ஃப்ரோய்லான்தான் என்று முடிவு கட்டி, தடுப்பைத் தாண்டிக் குதித்து, கொம்பு வைத்த ஒரு சாத்தானின் கையைப் பிடித்து இழுத்து, "வயித்துவலின்னு சீட்டு அனுப்பிட்டு இங்க வந்து குதிக்கிறியா, திருட்டுப் பயலே! நட ஆலைக்கு!" என்று ஊர் கேட்கக் கத்தினீர்கள். முகமூடி கழன்றது. உள்ளே இருந்தவர் முதலாளியம்மாவின் மருமகன்! பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஃப்ரோய்லானோ வீட்டில் சுருண்டு கிடந்தான்; அந்த வருடத்தில் அவனுடையது ஒன்றுதான் நிஜமான வயிற்றுவலி. மருமகனிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். ஃப்ரோய்லானிடம் இன்றுவரை கேட்கவில்லை.

சிரித்தது போதும். பொட்டலம் கட்டும் பிரிவில் நிற்கும் நிக்கோலாசாவுக்கு வருவோம். அவள் மகள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தபோது, ஊரே யாருக்காக ஆடுகிறதோ அந்தச் சுரங்கக் கோயில் மாதாவுக்கு மூன்று கார்னிவல் ஆடுவதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. மூன்றாம் வருடமும் ஆடி முடித்து, கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளிட்டுப் போனால்தான் நேர்த்தி நிறைவேறும் என்பதை இந்த ஊரிலேயே பிறந்த உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுமா? இரண்டு வருடம் ஆடினாள், இரண்டு முறையும் சம்பளத்தைப் பிடித்துத் தண்டித்தீர்கள். மூன்றாவது ஆட்டம் நாளைக்கு. பொய்ச் சீட்டு அனுப்ப மனமில்லாமல், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் அறைக்கே வந்தாள்.

"மாதாவா உனக்குச் சம்பளம் தர்றா?" என்று கேட்டீர்கள்.

"பிள்ளையைத் தந்தா, ஐயா" என்றாள்.

அதற்கான பதிலை மறுநாள் பலகையில் ஒட்டினீர்கள்: சனிக்கிழமை எந்த இடம் ஆளின்றி நிற்கிறதோ, அந்த இடத்துக்கு உரியவர் வேலையை விட்டு நீக்கப்படுவார். ஓய்வு பெற்றுப் போகிற மனிதர், போகிற போக்கில் ஒரு தாயின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட எப்படி ஐயா மனம் வந்தது? எங்களுக்கு வயிறு எரிகிறது.

ஆகவே இந்த வருடம் தங்களைக் கேட்காமலே நாங்கள் பேசி முடித்துவிட்டோம். எலிசேயோவின் ஆட்கள் நாளை வருகிறார்கள். ஆடப் போகிறவர்களின் இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. நிக்கோலாசாவின் இடம் மட்டும் மிச்சம், அதற்கு ஆள் போதவில்லை. முதலாளியம்மாவிடம் போனோம். "யாரைப் போடப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் அவருக்குச் சம்பளம் உண்டுல்ல? நிக்கட்டும்" என்றார்.

மாண்புமிகு டான் குவால்பெர்த்தோ அவர்களே! சுரங்கக் கோயில் மாதா தங்களுக்கு நோயற்ற நெடுவாழ்வும், நொடிக்காத முழங்காலும், நாளை மாலை வரையிலாவது தளராத இடுப்பும் தந்தருள்வாளாக! சட்டமிட்ட இம்மடலோடு ஒரு வெள்ளை மேலங்கியையும் தலைக்குல்லாயையும் தங்கள் மடியில் வைக்கிறோம். காலை ஏழு மணிக்கு நிக்கோலாசாவின் இடத்தில் வந்து நில்லுங்கள், இயந்திரம் ஓடத் தொடங்கும். உடம்பு சரியில்லை என்று சீட்டு அனுப்பாதீர்கள், நாங்கள் நம்பமாட்டோம். பொட்டலத்தை எப்படி மடிப்பது என்று நிக்கோலாசா இப்போதே உங்களுக்குக் காட்டித் தருவாள். எழுந்து அவள் பக்கம் போங்கள் ஐயா. அவள் கைகளைப் பாருங்கள். தைரியமிருந்தால் முகத்தையும் பாருங்கள்.

இங்ஙனம்,
உலர்த்தும் பிரிவு ஹசிந்தாவின் கையெழுத்திலும் குரலிலும்,
ஆடுவோரும் ஆடாதோருமாகிய ஆலைத் தொழிலாளர் அனைவரும்.
ஒரூரோ, கார்னிவல் வெள்ளி.